கைதட்டாத சபை

1

நேற்று மாலை கடை மூடி வீட்டுக்கு வந்தபோது கோமதி வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கள் மகள் மங்கை படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து போனதாம். மெர்டேக்கா கிடைத்து ஒரு வருடம் ஆவதைக் கொண்டாட, போன வருடம் போலவே இந்த வருடமும் பாட்டுக் கச்சேரி வைக்கிறார்களாம். எங்கள் இருவருக்கும் முன் வரிசையில் நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்களாம். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். மலாய்ச் சொல்தான் என்றாலும், இந்த மலாக்காவில் இப்போது தமிழரும் சீனரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"முன் வரிசையாம்," என்றாள் கோமதி. "போன தடவை பட்டது போதாதா?"

"கூப்பிட்டா மரியாதைக்காவது போகணும்ல?"

"நீங்க போங்க. நான் வரல."

கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பாதியிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். முகம் தெரியாவிட்டாலும் நம் ஊர்க்காரரான உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

ஊரில் இருக்கும் நீங்கள் கச்சேரி என்றதும் ஜமுக்காளம், மிருதங்கம், வெற்றிலைப் பெட்டி என்று நினைத்துக்கொள்வீர்கள். இது அப்படியில்லை. ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் மேடையில் படிப்படியாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. கையில் பாட்டுப் புத்தகம். முன்னால் ஒருவர் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கையை அசைக்கிறார். அவர் கை எழுந்தால் நாற்பது வாயும் திறக்கிறது, கை மடங்கினால் மூடுகிறது. நாலு பேர் மட்டும் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் முறை வரும்போது எழுந்து தனியாகப் பாடுகிறார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி போன வருடம் என் மகள்.

அந்தக் கச்சேரியில்தான் அவளைத் தொலைத்தேன். பயந்துவிடாதீர்கள், பெண் நன்றாக இருக்கிறாள். இங்கிலாந்தில் சங்கீதம் படிக்கிறாள். தொலைந்தாள் என்று நான் சொல்வது வேறு கணக்கு.

2

நான் மாயவரம் பக்கத்துக்காரன். யுத்தத்துக்கு முன்பே கப்பலேறி வந்து, பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தவன். அன்றைக்குப் பிரித்த சேலையை இன்றைக்கும் மடித்துக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பது காஜா பெராங்கில், மலாக்காச் செட்டிகளின் கம்பத்தை, அதாவது அவர்கள் குடியிருப்பை, ஒட்டிய வாடகை வீட்டில்.

செட்டிகள் என்றதும் நம் காரைக்குடிக்காரர்களை நினைக்க வேண்டாம். இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். நெற்றியில் திருநீறு உண்டு, மாரியம்மனுக்குப் பொங்கல் உண்டு, தமிழ் மட்டும் இல்லை. சாமியிடம் வேண்டிக்கொள்வதும் மலாயில்தான். பக்கத்து வீட்டு நாகம்மா அக்கா விபூதி, பூசை, அம்மா என்று நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். வந்த புதிதில் இவர்களைப் பார்த்து நான் உச்சுக்கொட்டாத நாளில்லை. "இப்படியும் ஒரு ஜனம் மொழியை விடுமா?" என்று கோமதியிடம் புலம்புவேன்.

மங்கை பிறந்தது இங்கேதான். எங்களுக்கு ஒரே பிள்ளை. பாதி நாள் நாகம்மா அக்கா வீட்டிலேயே வளர்ந்தாள். அங்கே மலாய், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், எங்களிடம் தமிழ். எங்களோடு பேசும்போது மட்டும் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுப் பேசுவாள். அந்த ஒரு நொடி என்னை என்ன பாடு படுத்தும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் குரல் இருந்தது. சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடினால் குருக்கள் தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்தக் குரலைப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார். பழைய போர்த்துக்கீசிய வம்சத்துப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், நல்லவர். நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பள்ளி முடித்த பிறகும் மங்கையை விடாமல் வரவழைத்துப் பழக்கினார். இங்கிலாந்தில் சங்கீதக் கல்லூரிக்கு எழுதி, உபகாரச் சம்பளத்தோடு இடமும் வாங்கிவிட்டார்.

அதே சமயத்தில்தான் மெர்டேக்கா வந்தது. ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். கடையில் கொடித்துணி கிழித்துக் கிழித்து என் விரல் மரத்துப்போனது. கொண்டாட்டம் அடங்கியதும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். நீ எந்த நாட்டுக்காரன்? விசாரிக்கலாம் என்று சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். கடைசியில் இருந்தவர் விவரம் சொன்னார். உன் மகள் மலாக்காவில் பிறந்தவள், அவள் இந்த நாட்டுப் பிரஜை, மனுவே வேண்டாம். நீயும் உன் மனைவியும் வேண்டுமானால் மனுப் போட்டுக் காத்திருங்கள்.

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு தின்கிற மூன்று பேரில் ஒருத்தி மட்டும் இந்த ஊர்க்காரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூட்டையைக் கட்டு, ஊருக்கே போய்விடலாம் என்றேன். தை மாதக் கப்பல், நாகப்பட்டினத்துக்கு.  மங்கைதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. மெர்டேக்காவுக்கு ஸ்கூல்ல கச்சேரி வைக்கிறாங்க. அதுல நான் தனியா நின்னு பாடறேன். நீங்களும் அம்மாவும் வந்து கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு, அப்பவும் 'ஊருக்கு வா'ன்னு சொன்னீங்கன்னா வந்துடறேன். மறுபேச்சு பேச மாட்டேன்."

"இப்பவே சொல்றேன், வா."

"கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா," என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். என்னைக் கொண்டு பிறந்தவள்.

3

பாட்டைக் கேட்டுவிட்டு, "வா" என்று சொல்லிவிடுவது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். பெண் மேடையேறுகிறாள் என்ற பெருமையும் இல்லாமல் இல்லை. நம் பக்கத்தில் ஒரு வித்துவான் அமிர்தமாக ஒரு கீர்த்தனத்தை முடித்தால் என்ன செய்வோம்? ஊர்ப் பெரிய மனிதர் எழுந்து போய் மாலை போடுவார், சபை ஆரவாரம் செய்யும். இந்த ஊரில் அவளுக்கு அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? நான்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். கோயில் வாசல் பூக்காரரிடம் சொல்லி, ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கனமாக ஒரு மாலை கட்டச் சொன்னேன்.

"பெத்த அப்பனே பொண்ணுக்கு மாலை போடுவாங்களா?" என்றாள் கோமதி.

"வித்துவானுக்குப் போடறேன், பொண்ணுக்கா போடறேன்?"

அவள் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரர்கள், சீன டாக்டர்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். வேட்டி கட்டியவன் நான் ஒருவன்தான். மாலையை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முன்னால் இருந்த ஓர் அம்மாள் திரும்பித் திரும்பி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

டீச்சர் முன்னால் நின்று கையை எழுப்ப, நாற்பது பேரும் பாட ஆரம்பித்தார்கள். நான் கண்ணை மூடித் தாளம் போட்டுப் பார்த்தேன். எங்கே தட்டுவது என்று பிடிபடவில்லை. ஒரு கூட்டம் ஒன்றைப் பாடுகிறது, இன்னொரு கூட்டம் அதையே சற்றுத் தாமதமாகப் பாடுகிறது, நடுவே ஆண்கள் அடிவயிற்றிலிருந்து வேறெதையோ சொல்கிறார்கள். சண்டை மாதிரி தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் சண்டை இல்லை என்று புரிந்தது. யாருடைய குரலும் தனியாகத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவர்கள் சாமர்த்தியம் என்று மங்கை முன்பே சொல்லியிருந்தாள்.

தனியாகப் பாடும் நாலு பேரில் ஒரு சீன குமாஸ்தா, ஆஜானுபாகுவான ஒரு வெள்ளைக்காரத் துரை, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த சட்டைக்காரப் பெண் ஒருத்தி. ஒவ்வொருவராக எழுந்து பாடி உட்கார்ந்தார்கள். பிறகு மங்கை எழுந்தாள்.

வாயைத் திறந்தாள். அது என் மகளின் குரல் இல்லை.

வீட்டில் அவள் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் கரகரப்பு இருக்கும், வளைவு இருக்கும், கோமதியின் அம்மா வழிக் குரல். இது வளையாமல், அசங்காமல், உச்சியில் நேராக நின்றது. அதை எங்கே வைத்திருந்தாள், இத்தனை வருடமும் எங்களுக்குக் காட்டாமல்? பக்கத்தில் கோமதி என் கையைப் பிடித்து, "நம்ம மங்கைதாங்க," என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

மொழி புரியவில்லை. ராகம் புரியவில்லை. ஆனாலும் என்னை அறியாமல் "ஆகா" என்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ "உஷ்" என்றார்கள்.

அவள் பாடி முடித்தாள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

ஒரு கை தட்டவில்லை! நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் தட்டவில்லைதான், ஆனால் அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. என் குழந்தை உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறாள், தமிழ்ப் பெண் என்றதும் இத்தனை பேருக்கும் கை வரவில்லை என்றுதான் பட்டது. ரத்தம் தலைக்கேறியது. இலையைப் பிரித்தேன். கோமதி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு மேடை ஏறினேன்.

4

நாலு படி ஏறினால் மேடை. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மாலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

மாலைக்கு எதிரில் நிற்பவர் கழுத்தைக் குனிய வேண்டும். நம்மில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மங்கை குனியவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவள் கண் என் தோளைத் தாண்டி டீச்சரின் கையில் இருந்தது. அந்தக் கை ஏற்கெனவே மேலே எழுந்திருந்தது. நாற்பது பேரும் மூச்சை உள்ளே இழுத்துவிட்டிருந்தார்கள். பாட்டு முடியவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை இறங்கியது. மேடையோரப் பியானோ முழங்கியது. நாற்பது குரலும் என் முகத்தில் வந்து மோதின.

திரும்பிப் போகலாம் என்றால் டீச்சருக்கும் பாடகர்களுக்கும் நடுவே நடக்க வேண்டும்.  அந்த வெள்ளைக்காரத் துரை பாடிக்கொண்டே தன் நாற்காலியைக் காலால் தள்ளி, சுவரோரம் எனக்கு இடம் விட்டார். அந்த மரியாதைக்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். வேட்டியும் மாலையுமாக அங்கே ஒண்டிக்கொண்டு, அந்தப் பாட்டு முடியும்வரை, அதற்கடுத்த பாட்டு முடியும்வரை நின்றேன்.

அங்கே நின்றதால் ஒன்றைப் பார்த்தேன். சபைக்குத் தெரியாத பக்கத்திலிருந்து என் மகளின் முகத்தைப் பார்த்தேன். நாற்பது பேரோடு சேர்ந்து அவள் பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எது என்று அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்குப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் வீட்டில் ஒரு நாளும் நான் கண்டதில்லை. தீபாவளிக்குக் கண்டதில்லை, புதுச்சேலைக்குக் கண்டதில்லை. ஒரு நொடி நின்று யோசிக்கும் அந்தப் பழக்கம் அவளிடம் இல்லவே இல்லை. இவளை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மாயவரத்தில் நட்டால் பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. வா என்று சொல்லக்கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெற்றவன் கண்ணுக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. அப்போது எழுந்தது பாருங்கள் கைதட்டல்! கூரை அதிர்ந்தது. எல்லாவற்றையும் கடைசிக்கு என்று சேர்த்து வைத்திருந்திருக்கிறார்கள். டீச்சர் திரும்பிச் சபையை வணங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் புண்ணியவதிக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, மாலைக்குத் தலையைக் குனிந்தார்.

குனிந்த கழுத்துக்குப் போடாமல் இருக்க முடியுமா? போட்டுவிட்டேன். சபை இன்னும் பலமாகத் தட்டியது. நிமிர்ந்தபோது, டீச்சருக்குப் பின்னால் மங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

5

வெளியே வராந்தாவில் நாங்கள் நின்றோம். இன்னும் இருட்டவில்லை. மங்கை ஓடி வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தின் நடுவே, ஜவுளிக்கடைக்காரன் வேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் அவளுக்குத்தானே அவமானம்?

"அப்பா, அந்த நேரத்துல நான் அசையக் கூடாதுப்பா. அசைஞ்சிருந்தா என்னால எல்லாம் கெட்டுப்போயிருக்கும்."

"தெரியும்."

"உங்கள அப்படி நிக்க வச்சிட்டேன்." அவள் குரல் உடைந்தது. இப்போது அது பழைய குரல். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்பா. நான் ஊருக்கு வந்துடறேன். இங்கிலாந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். மிஸ் கிட்ட நானே சொல்லிடறேன்."

கேட்க வேண்டும் என்று நான் ஏங்கிக்கிடந்த வார்த்தை. என் கையில் வந்து விழுந்தது. இரக்கப்பட்டுக் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் அது எனக்குக் கசந்தது.

"வேணாம்," என்றேன். "நீ வர வேணாம்."

"அப்பா..."

"வர வேணாம்னு சொல்றேன்ல?"

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதால் அது அதட்டலாகத்தான் வெளியே வந்தது. முகத்தையும் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். கழுத்தைக் குனியாத மகளை விட்டுவிட்டு, கண்ணெதிரே வேறொருத்தி கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, இனி நீ என்னோடு வராதே என்று ஒரு தகப்பன் சொன்னால், ஒரு பெண் வேறு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள்?

வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கோபம் இல்லம்மா. நீ பாடினது நல்லா இருந்துது. போய்ப் படி." அவள் தலையாட்டினாள். நம் வீடுகளில் அப்பாக்கள் கோபம் இல்லை என்று எப்போது சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? என் அப்பாவும் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட நான் நம்பியதில்லை.

மறுநாள் நாகம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஜாங்கான் மாரா," என்றார். கோபப்படாதே என்று அர்த்தம். எனக்குக் கோபமே இல்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். மங்கை அவர் வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அழுதுவிட்டுப் போயிருந்தாளாம். எங்கள் வீட்டில் அழவில்லை. அழுவதற்கும் மலாய்தான் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் கப்பலேற்றிவிடப் போனோம். காலில் விழுந்தாள். "நல்லா இரு," என்றேன். எழுந்து நின்று, இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. சங்கு ஊதிவிட்டது.

6

தை மாதக் கப்பலில் நாங்கள் போகவில்லை. "அங்க போய் உக்காந்துட்டா, அவ திரும்பி வந்தா எங்கங்க வருவா? இது அவ ஊரு," என்றாள் கோமதி. எனக்கும் மாயவரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. தம்பி குடும்பம் பெருகிவிட்டது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.

மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போய்ப் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டோம். இந்தத் தடவை இருந்தவர் இளைஞர், சிரித்த முகம். பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் கேட்டார். "அனாக் மானா?" என்றார். பிள்ளை எங்கே என்று கேட்கிறார். ஒரு மகள், இந்த நாட்டுப் பிரஜை, இப்போது இங்கிலாந்தில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிரஜை அங்கே, நீங்கள் இரண்டு பேர் மட்டும் இங்கேயா என்றார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பாவம். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். வெளியே வந்ததும் கோமதி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

மங்கை மாதாமாதம் எழுதுகிறாள். அம்மாவுக்குத்தான் எழுதுகிறாள். குளிரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, கூடப் பாடுகிறவர்களைப் பற்றி. டீச்சர் ஓய்வு பெற்றதும் இங்கிலாந்துக்கே வந்துவிடப் போகிறாராம். படிப்பு முடிந்த பிறகு தனக்கும் அங்கேயே ஒரு தேவாலயத்தில் பாடும் வேலை கிடைக்கும்போல் இருக்கிறதாம். தமிழ் எழுத்து கோணல் மாணலாக ஆகிக்கொண்டு வருகிறது. போன மாதம் பாதிக்கு மேல் இங்கிலீஷில் எழுதிவிட்டாள். அதைக் கடைக்கு எடுத்துப் போய் முதலாளி மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் மகள் எனக்கு என்ன சொல்கிறாள் என்பதை ஓர் அந்நியன் வாயால் கேட்டுக்கொண்டு, கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். முடிவில் எப்போதும் இருக்கும் அந்த ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தது. அப்பாவுக்குக் கோபம் தணிந்ததா?

இன்றைக்குக் காலையில் கோமதி பதில் எழுத உட்கார்ந்தாள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன எழுதட்டும்?"

"கோபமே இல்லன்னு எழுது."

"போன மாசமும் அதான் எழுதினேன். அதுக்கு முந்தின மாசமும் அதான் எழுதினேன்."

செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு வராந்தாவில் சொல்லக்கூடாது என்று விழுங்கிய வார்த்தை, இத்தனை மாதம் கழித்துத் தானாகவே வாயில் வந்தது.

"வான்னு எழுது. அப்பா வரச் சொன்னாங்கன்னு எழுது."

கோமதி பேனாவை எடுத்தாள். காகிதத்தில் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த ஊருக்குங்க?" என்றாள்.